கேளுங்கள், கிடைக்கலாம்

சினிமாவுக்கும் அரசியலுக்கும் இந்த மாதம் ஓய்வு. குளிர் தொடங்கியதிலிருந்து வருகிற கேள்விகள் வாடகையையும் ஹைட்ரோ என்கிற மின்சார பில்லையும் விட்டு அசையமாட்டேன் என்கின்றன. பதில்கள் ஒன்ராறியோவுக்கானவை, அதிலும் பெரும்பாலும் ரொறன்ரோவுக்கானவை. வன்கூவர் வாசகர்கள் மன்னிக்க வேண்டும். உங்களுக்கு வேறு சட்டம், வேறு தலையிடி.

பேஸ்மென்ற் வாசி, ஸ்காபரோ: இந்த மாதம் வாடகை கட்ட முடியவில்லை. வீட்டுக்காரர் என்-4 என்று ஒரு தாளைக் கதவில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். எப்போது சாமான் கட்ட வேண்டும்?

சாமானைக் கட்டாதீர்கள், தாளை வாசியுங்கள். என்-4 என்பது வெளியேற்றும் உத்தரவு அல்ல. 'இந்தத் திகதிக்குள் நிலுவையைக் கட்டு, இல்லையென்றால் வாடகைத் தீர்ப்பாயத்துக்குப் போவேன்' என்ற எச்சரிக்கை மட்டும்தான். அதில் போட்டிருக்கும் திகதிக்குள் முழு நிலுவையையும் கட்டிவிட்டால் அந்தத் தாளுக்கு உயிர் இல்லை. கட்டாவிட்டாலும், எல்.ரி.பி. என்று நாங்கள் சொல்லும் அந்தத் தீர்ப்பாயம் விசாரிக்க வேண்டும், உத்தரவு போட வேண்டும், அதற்குப் பிறகு ஷெரிஃப் வர வேண்டும். பூட்டு மாற்றி ஆளை வெளியே விடும் அதிகாரம் இந்த மாகாணத்தில் ஷெரிஃப் அலுவலகத்துக்கு மட்டுமே உண்டு. வீட்டுக்காரருக்கும் இல்லை, துரப்பணத்தோடு வந்து நிற்கும் அவருடைய மச்சானுக்கும் இல்லை.

இன்னொன்று: என்-4ஐக் கதவில் ஒட்டுவது சட்டம் ஏற்கும் முறையல்ல. கையில் தரலாம், தபால் பெட்டியில் போடலாம், கதவுக்குக் கீழால் தள்ளலாம். ஆனால் இதை வைத்துக் கொண்டாட்டம் போடாதீர்கள். பிழையைச் சொன்னால் நாளைக்கே சரியாகக் கொண்டுவந்து தருவார். கிடைத்திருக்கும் நாட்களில் வாடகை வங்கியைத் தேடிப் போங்கள்.

மீற்றர் வட்டியில் அடிபட்டவர், மால்வேர்ண்: வாடகை வங்கி என்கிறார்கள். வட்டி என்ன?

வட்டியும் இல்லை, முதலும் இல்லை. ரொறன்ரோ வாடகை வங்கி ஒரு காலத்தில் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. பெருந்தொற்றுக் காலத்தில் அதை மானியமாக்கினார்கள். பெயர் மட்டும் வங்கியாகவே நின்றுவிட்டது. காசு உங்கள் கைக்கு வராது, நேரே வீட்டுக்காரருக்குப் போகும். வாடகை பின்தங்கியவர்களுக்கும் உண்டு, புது வீட்டுக்கு முதல் மாதம் கடைசி மாதம் கட்ட வழியில்லாதவர்களுக்கும் உண்டு.

கேட்பவை: லீஸ், வருமான அத்தாட்சி, வங்கிக் கணக்கு விபரம், எவ்வளவு நிலுவை என்ற கடிதம் அல்லது அந்த என்-4 தாள். அதோடு ஒரு கணக்கும் பார்ப்பார்கள்: இந்த முறை தூக்கிவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து நீங்களே வாடகை கட்டுவீர்களா? வேலை போய்த் திரும்பக் கிடைத்தவர், சுகயீனத்தால் சம்பளமில்லாமல் இருந்தவர், இப்படிப்பட்டவர்களுக்கு இது சரியான இடம். வருமானத்தைவிட வாடகை நிரந்தரமாகக் கூடியவருக்கு இது மருந்தல்ல. அப்படிப்பட்டவர்கள் கீழே அரச வீட்டுக்குப் பதிவது பற்றிய பதிலைப் பார்க்கவும்.

ஓ.டபிள்யூ. என்ற வெல்ஃபெயார், அல்லது ஓ.டி.எஸ்.பி. என்ற இயலாமை உதவி எடுப்பவர்கள் இங்கே வரிசையில் நிற்க வேண்டாம். உங்களுக்கென்று வீட்டு நிலைப்பு நிதி வேறாக இருக்கிறது; உங்கள் கேஸ்வேர்க்கரிடம் கேளுங்கள்.

அவசரக்காரன், மிசிசாகா: இதற்கெல்லாம் அலைவதைவிட, சந்திக் கடையில் பேடே லோன் எடுத்து வாடகையைக் கட்டிவிட்டால் என்ன?

100 டொலருக்கு 14 டொலர் வரை எடுக்கச் சட்டம் அவர்களை அனுமதிக்கிறது. இரண்டு கிழமைக்கு என்று வைத்து வருடக் கணக்குப் போட்டால் 364 சதவீதம். மேலே கேள்வி கேட்ட மால்வேர்ண்காரரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு எடுங்கள்.

நன்றியுள்ள குடியிருப்பாளர், ஸ்காபரோ: எங்கள் வீட்டுக்காரர் ஊர்க்காரர், தங்கமான மனிதர். வாடகையைக் காசாகவே வாங்குவார். பற்றுச்சீட்டு தருவதில்லை. கேட்டால் கோபிப்பாரோ?

ஊர்க்காரர் என்றால் நல்லதுதான், தமிழில் கேட்கலாம்.

இந்த மாதம் வந்த கேள்விகளில் ஆகக் கூடிய நட்டம் ஒளிந்திருப்பது உங்களுடையதில்தான். ஒன்ராறியோ ட்ரில்லியம் பெனிஃபிற் என்று ஒன்று இருக்கிறது. வரிக்கணக்குப் பதியும்போது ஓ.என்.-பென் என்ற படிவத்தையும் நிரப்பி, வருடத்தில் எவ்வளவு வாடகை கட்டினீர்கள், யாருக்குக் கட்டினீர்கள் என்று எழுதினால், குறைந்த வருமானக்காரருக்கு ஜூலையிலிருந்து மாதா மாதம் 10ஆம் திகதி காசு வரும். மொத்தத் தொகை 360 டொலரோ அதற்குக் குறைவோ என்றால் ஜூலையிலேயே ஒரேயடியாகப் போட்டுவிடுவார்கள். வாடகைக்கும் மின்சாரச் செலவுக்கும் சேர்த்து மாகாணம் தரும் கைகொடுப்பு இது. படிவத்தை நிரப்பாதவருக்கு வாடகைக்கான பங்கில் சதமும் வராது. யாரும் தேடிவந்து கேட்கவும் மாட்டார்கள்.

படிவத்தோடு பற்றுச்சீட்டை இணைக்கத் தேவையில்லை. ஆனால் வரித் திணைக்களம் ஒருநாள் 'காட்டு' என்று கடிதம் போடும். அப்போது 'அண்ணை தங்கமான மனிதர்' என்று பதில் எழுத முடியாது. வாடகை வங்கிக்குப் போனாலும் இதே கதை. கட்டின வாடகைக்கு ஆதாரம் இல்லையென்றால், கட்டாத வாடகையை எப்படி நம்புவது என்று கேட்பார்கள்.

கோபிப்பாரா என்றால், கோபிக்கலாம். அவருடைய வருமானக் கணக்கில் உங்கள் பேஸ்மென்ற் இல்லாமல் இருக்கக்கூடும். அது அவருக்கும் ஒட்டாவாவுக்கும் இடையிலான விவகாரம். நீங்கள் கேட்டால் இலவசமாகப் பற்றுச்சீட்டு தரவேண்டும் என்பது 2006ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம். அதில் இருக்க வேண்டியவை வீட்டு விலாசம், உங்கள் பெயர், தொகை, திகதி, வீட்டுக்காரரின் பெயர், கையெழுத்து. டொலர் கடையில் வாங்கும் பற்றுச்சீட்டுப் புத்தகமே போதும். நீங்களே வாங்கிக் கொண்டுபோய், தேத்தண்ணி குடித்தபடி நீட்டுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் அடுத்த மாதத்திலிருந்து ஈ-ட்ரான்ஸ்ஃபரில் அனுப்பி, குறிப்பில் எந்த மாத வாடகை என்று எழுதுங்கள். வங்கி மறக்காது, மறைக்காது.

பழமொழிப் பிரியை, மார்க்கம்: 'இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்பான்' என்று முதலில் சொன்னது யாராக இருக்கும்?

சந்தேகமென்ன, ஒரு வீட்டுக்காரர்.

பயந்தவர், பிரம்ரன்: நாங்கள் இருக்கும் பேஸ்மென்ற் நகரசபையில் பதியாதது. வாய் திறந்தால் எங்களையே துரத்திவிடுவார்களா?

வீடு பதியாதது என்பதால் வாடகைச் சட்டம் உங்களைக் கைவிடாது. முன்னறிவித்தல், தீர்ப்பாயம், பற்றுச்சீட்டு எல்லாம் உங்களுக்கும்தான். விலக்கு ஒன்று இருக்கிறது, அதைக் கவனியுங்கள். குசினியையோ குளியலறையையோ வீட்டுச் சொந்தக்காரரோடு, அல்லது அங்கே வசிக்கும் அவருடைய துணை, பிள்ளை, பெற்றோரோடு நீங்கள் பங்கிட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு என்றால் இந்தச் சட்டம் பொருந்தாது. மேலே ஒரு அறை எடுத்து ஒரே அடுப்பில் சமைப்பவர்கள் ஒப்பந்தத்தை எழுத்தில் வைத்துக்கொள்வது இன்னும் அவசியம்.

பெரிய கேள்வி வேறு. வீடு பாதுகாப்பாக இருக்கிறதா? புகை அலாரம், தப்பி வெளியேற வழி, இந்த இரண்டும் இல்லாத பேஸ்மென்ற்றில் வாடகை மலிவு என்று சந்தோசப்படாதீர்கள்.

பாதிக்காசு கொடுப்பவன், ஸ்காபரோ: ஹைட்ரோ கணக்கு மேல்வீட்டு அண்ணரின் பெயரில். வாற பில்லில் பாதியை நாங்கள் கொடுக்கிறோம். குறைந்த வருமானக்காரருக்கு பில்லில் கழிக்கிறார்களாமே, எங்களுக்கும் கழிப்பார்களா?

மாட்டார்கள், தம்பி. நீங்கள் சொல்வது ஓ.ஈ.எஸ்.பி. என்ற திட்டம், 2016 ஜனவரியிலிருந்து நடக்கிறது. வீட்டில் எத்தனை பேர், எவ்வளவு வருமானம் என்று பார்த்து, மாதம் 35 டொலரிலிருந்து 75 டொலர் வரை பில்லிலேயே கழித்துவிடுவார்கள். மின்சாரத்தால் சூடேற்றும் வீடு என்றாலோ, ஒட்சிசன் கருவி, வீட்டு டயாலிசிஸ் இயந்திரம் போன்றவை ஓடும் வீடு என்றாலோ கழிவு இன்னும் கூடும். ஆனால் கணக்கு விண்ணப்பிப்பவரின் பெயரில் இருக்க வேண்டும். பில்லில் பெயர் இல்லாதவர் எவ்வளவு கொடுத்தாலும் திட்டத்தின் கண்ணுக்குத் தெரியமாட்டார்.

மேல்வீட்டு அண்ணருக்கு வருமானம் குறைவென்றால் அவர் விண்ணப்பிக்கலாம். கழிவில் பாதி உங்களுக்கு வருமா என்பது அவருடைய மனச்சாட்சி. அடுத்த வீடு பார்க்கும்போது, 'ஹைட்ரோ தனிமீற்றரா, யார் பெயரில்?' என்று வாடகை பேசும்போதே கேளுங்கள். அப்பார்ட்மென்ற்றில் துணைமீற்றர் கம்பனி பில் அனுப்பினாலும் பரவாயில்லை, கணக்கு உங்கள் பெயரில் என்றால் விண்ணப்பிக்கலாம்.

வருமானத்தை வரித் திணைக்களத்திடம் சரிபார்க்க வீட்டாரின் சம்மதம் கேட்பார்கள். ஆகவே வரிக்கணக்குப் பதியாத ஒருவர் வீட்டில் இருந்தால் விண்ணப்பம் அங்கேயே முட்டி நிற்கும். ஒருமுறை கிடைத்தால் ஆயுள் முழுக்க ஓடும் என்றும் நினைக்க வேண்டாம். காலம் முடியத் திரும்ப விண்ணப்பிக்க வேண்டும். கழிவு திடீரென்று காணாமல்போனது என்று அலறுபவர்களில் பலர் அந்தக் கடிதத்தைப் பிரிக்காமல் வைத்திருந்தவர்கள்.

நித்திரை வராதவள், ஏஜக்ஸ்: மூன்று மாத ஹைட்ரோ பில் நிலுவை. கைக்குழந்தை இருக்கிறது. இந்தக் குளிருக்குள் கரண்டை வெட்டிவிடுவார்களா?

மாட்டார்கள், நித்திரை கொள்ளுங்கள். நவம்பர் 15 முதல் ஏப்ரல் 30 வரை, காசு கட்டவில்லை என்பதற்காக எந்த வீட்டின் மின்சாரத்தையும் வெட்டக்கூடாது என்பது ஒன்ராறியோ எரிசக்திச் சபையின் விதி. முந்தியே வெட்டப்பட்ட வீடுகளுக்கும் குளிர்காலத்துக்காகத் திரும்ப இணைப்புக் கொடுக்க வேண்டும்.

காலையில் எழும்பியதும் மிச்சத்தையும் வாசியுங்கள். வெட்டுவதற்குத்தான் தடை, கடன் வளர்வதற்கு இல்லை. குளிர்காலம் முழுக்கப் பில்லைப் பிரிக்காமல் லாச்சிக்குள் போட்டுவைத்து, மே மாதம் மொத்தமாக எடுத்துப் பார்த்து நெஞ்சைப் பிடிப்பவர்கள் நம்மில் நிறையப்பேர். இது மின்சாரத்துக்கான விதி. எரிவாயு பில்லையும் அதே லாச்சிக்குள் போடாதீர்கள்.

உங்களுக்குப் பொருந்துவது லீப் என்ற அவசர உதவி. பில் பின்தங்கிய குறைந்த வருமானக்காரருக்கு மின்கட்டணத்தில் 650 டொலர் வரை, மின்சாரத்தால் சூடேற்றும் வீடென்றால் 780 வரை. எரிவாயுவுக்கும் 650 வரை தனியாக உண்டு. மானியம்தான், கடனல்ல. நிலுவைக்கு மட்டும்தான் இது; நாளை வரப்போகும் பில்லுக்கு முற்பணமாகக் கேட்க முடியாது. ஒவ்வொரு மின்கம்பனியும் இதற்கென்று ஒரு சமூக நிறுவனத்தை வைத்திருக்கிறது, விண்ணப்பம் அங்கேதான். நிதி வருடக் கணக்கில் ஒதுக்கப்படுவதால், வருடக் கடைசியில் போனவருக்குப் பெட்டி வெறுமையாக இருக்கக்கூடும்.

அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒரு போன். மின்கம்பனியை நீங்களே கூப்பிட்டு, 'குறைந்த வருமானக் குடும்பம், தவணையாகக் கட்ட ஒழுங்கு வேண்டும்' என்று சொல்லுங்கள். குறைந்த வருமானக்காரர் என்று உறுதியானவர்களுக்குத் தவணைக்காலம் நீளம். கணக்குக்கு வைப்புப்பணம் கேட்பதிலிருந்தும் விலக்குப் பெறலாம். நீங்கள் முந்திக்கொண்டு கூப்பிட்டால் பேச்சு ஒரு மாதிரி இருக்கும், அவர்கள் உங்களைக் கூப்பிட்ட பிறகு இன்னொரு மாதிரி.

ஏமாளியல்லாதவர், ரொறன்ரோ: ஹைட்ரோவிலிருந்து என்று ஒருவர் கூப்பிட்டார். ஒரு மணித்தியாலத்தில் பிட்கொயினில் 400 டொலர் கட்டாவிட்டால் வெட்டுவோம் என்றார்.

பிட்கொயினில் காசு வாங்கும் ஹைட்ரோ கம்பனி இன்னும் பிறக்கவில்லை. பரிசு அட்டையில் வாங்குவதும் இல்லை. வெட்டுவதென்றால் எழுத்தில் அறிவித்தல் வரவேண்டும். போனை வைத்துவிட்டு, பில்லில் அச்சடித்திருக்கும் இலக்கத்தைக் கூப்பிட்டுக் கேளுங்கள். கதவைத் தட்டி, 'உங்கள் பில்லைக் காட்டுங்கள், மலிவான மின்சாரம் தருகிறோம்' என்பவரும் அதே கட்சி. வீடு வீடாக வந்து எரிசக்தி ஒப்பந்தம் விற்பது இங்கே 2017இலிருந்து தடை.

மகனோடு இருக்கும் தகப்பன், மார்க்கம்: மகன் ஸ்பொன்சர் செய்து வந்து நான்கு வருடம். இப்போது அவனுக்கு வேலையில்லை. நான் வெல்ஃபெயார் எடுத்து வாடகைக்கு உதவலாமா? அவனுக்குப் பிரச்சினை வருமா?

வரும், ஐயா. பெற்றோரை ஸ்பொன்சர் செய்பவர் 20 வருடத்துக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடுகிறார். அந்தக் காலத்துக்குள் நீங்கள் ஓ.டபிள்யூ. எடுத்தால், எடுத்த தொகை மகனின் தலையில் கடனாக ஏறும். அதைத் தீர்க்கும்வரை அவரால் வேறு யாரையும் கூப்பிடவும் முடியாது.

ஆனால் 'கேட்கவே கூடாது' என்று அர்த்தமில்லை. ஸ்பொன்சர் செய்தவருக்கு உண்மையில் வழியில்லை என்றால், அல்லது வயதானவரை வீட்டில் கொடுமைப்படுத்துகிறார்கள் என்றால், அலுவலகம் அதையும் பார்க்கும். படிவத்தைத் தொடுவதற்கு முன்னால் இலவச சட்ட உதவி நிலையம் ஒன்றுக்குப் போங்கள். ஸ்காபரோவில் இருக்கிறது, தெற்காசியர் சட்ட உதவி நிலையத்தில் தமிழிலேயே பேசலாம். அதுவரை மகன் தன் பெயரில் செய்யக்கூடியவை இருக்கின்றன: வேலையிழப்புக் காப்புறுதி, வாடகை வங்கி, ட்ரில்லியம். மார்க்கம் ரொறன்ரோ நகரசபைக்குள் வராது, யோர்க் பிராந்தியம். வாடகை உதவியை அங்கேதான் விசாரிக்க வேண்டும்.

மச்சானோடு வாதிப்பவர், பிக்கரிங்: வெல்ஃபெயார் எடுத்துக்கொண்டு சனம் சுகமாக இருக்கிறது என்கிறார் என் மச்சான். உண்மையா?

தனி ஆளுக்கு ஓ.டபிள்யூ. மாதம் 733 டொலர். அதில் சாப்பாட்டுக்கும் மற்றதுக்கும் 343, வாடகைக்கு ஆகக்கூடியது 390. 2018இலிருந்து இந்தத் தொகை ஏறவில்லை. 390 டொலருக்கு ஒரு அறை இருக்கிறதா என்று மச்சானையே தேடச் சொல்லுங்கள். கிடைத்தால் எனக்கும் விலாசம் அனுப்பவும்.

58 வயது, எக்ளின்ரன்: அரச வீட்டுக்குப் பென்சன் எடுத்த பிறகு பதியலாம் என்று இருக்கிறேன். சரிதானே?

பிழை. வருமானத்தில் ஏறத்தாழ 30 சதவீதத்தை வாடகையாகக் கட்டும் அந்த வீடுகளுக்கு ரொறன்ரோவில் பல பத்தாயிரம் குடும்பங்கள் வரிசையில் நிற்கின்றன. ஒரு படுக்கையறை வீட்டுக்குக் காத்திருப்பு பத்து வருடத்தைத் தாண்டும். 65இல் பதிந்தால் 75 தாண்டித்தான் சாவி. இன்று பதியுங்கள், பதிவதற்குக் காசில்லை. அகதிக் கோரிக்கை வைத்தவர்களும் பதியலாம்.

பதிந்துவிட்டு மறந்தும் விடாதீர்கள். விலாசம், போன் இலக்கம், வருமானம் மாறினால் அறிவிக்க வேண்டும். அவர்கள் கேட்டுப் பதில் வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். பேஸ்மென்ற் மாறி பேஸ்மென்ற் போகிறவர்களுக்கு இதுதான் நடக்கிறது. எட்டு வருடம் காத்திருந்தவரின் கடிதம் பழைய விலாசத்துக்குப் போய், அங்கே புதிதாக வந்தவர் அதைக் குப்பையில் போட்டிருப்பார்.

வரிசையில் இருக்கும்போது கனடா–ஒன்ராறியோ வீட்டு உதவித்தொகைக்கு அழைப்பு வரலாம். இருக்கும் தனியார் வாடகை வீட்டுக்கே மாதாந்தம் காசு தருவது அது. நேரே விண்ணப்பிக்க முடியாது. ஏற்றால் வரிசையிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். கையில் இருக்கும் காசா, வராமல் போகக்கூடிய வீடா? நானென்றால் காசை எடுப்பேன்.

கணக்குப் புலி, ஸ்காபரோ: 1,600 டொலர் வாடகை. வீட்டுக்காரர் 'மோர்ட்கேஜ் ஏறிவிட்டது, அடுத்த மாதத்திலிருந்து 2,000 தா' என்கிறார்.

அவருடைய மோர்ட்கேஜ் அவருடைய வங்கியோடு. 2026க்கு மாகாணம் அனுமதித்த உயர்வு 2.1 சதவீதம். 1,600க்கு அது 33 டொலர் 60 சதம். அதுவும் 12 மாதத்தில் ஒருமுறை, 90 நாள் முன்னதாக எழுத்தில். 'அடுத்த மாதத்திலிருந்து' என்பதற்கு இங்கே இடமில்லை.

விதிவிலக்கு: 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடியமர்த்தப்பட்ட புது வீடுகளுக்கும் புது பேஸ்மென்ற்றுகளுக்கும் இந்த உச்சவரம்பு இல்லை. 90 நாள் மட்டும் உண்டு. உங்களுடையதில் எப்போது முதன்முதலாக ஆள் குடியேறியது என்று பாருங்கள். உச்சவரம்பு பொருந்துகிற வீட்டில், 'சரி போகட்டும்' என்று கூடுதலாகக் கட்டிக்கொண்டே ஒரு வருடம் பேசாமல் இருந்தால் அதுவே சட்டப்படியான வாடகையாகிவிடும்.

மனம் நொந்த வீட்டுக்காரர், ஸ்காபரோ: எப்போதும் குடியிருப்பவர் பக்கமே பேசுகிறீர்கள். எனக்கும் பில் வருகிறது.

நியாயம். வாடகை வங்கி காசு உங்கள் கணக்குக்குத்தான் வருகிறது என்பதை முதலில் கவனியுங்கள். நீங்கள் நிலுவைக் கடிதத்தில் கையெழுத்துப் போட மறுத்தால் நட்டம் உங்களுக்கு. தீர்ப்பாயத்தில் மாதக்கணக்காகக் காத்திருப்பதைவிட ஒரு கையெழுத்து மலிவு. நீங்கள் முதியவர், வருமானம் குறைவு என்றால் சொத்துவரி உயர்வைப் பிற்போடவும் தண்ணீர்க் கட்டணத்தைக் குறைக்கவும் நகரசபையில் திட்டம் உண்டு. கோபத்தில் கீழ்வீட்டுக் கரண்டையோ ஹீற்றரையோ மட்டும் நிறுத்திவிடாதீர்கள். வாடகை எத்தனை மாதம் நிலுவையாக இருந்தாலும் அது குற்றம்.

இடியப்பம் அவிப்பவர், மிசிசாகா: எந்த நேரத்தில் அவித்தால் பில் குறையும்?

நேரத்துக்கேற்ற விலைத்திட்டத்தில் இருப்பவருக்கு இரவு 7 முதல் காலை 7 வரையும் சனி, ஞாயிறும் மலிவு. இரவு 11க்குப் பிறகு இன்னும் மலிவான திட்டமும் இருக்கிறது. அந்த நேரத்தில் இடியப்பம் கேட்பவர் தானே எழும்பிப் பிழியட்டும். உங்கள் ஃபிரிட்ஜ் கிழடு என்றால், குறைந்த வருமானக்காரருக்கு மின்சிக்கன ஃபிரிட்ஜ், எல்.ஈ.டி. பல்ப் ஆகியவற்றை இலவசமாக மாற்றித்தரும் மாகாணத் திட்டம் ஒன்று உண்டு. வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரரின் சம்மதம் வாங்க வேண்டிவரும்.

சந்தேகி, ஸ்காபரோ: எல்லாப் படிவமும் நிரப்பித்தர ஒருவர் 200 டொலர் கேட்கிறார்.

படிவங்கள் இலவசம். வரிக்கணக்கையும் குறைந்த வருமானக்காரருக்குத் தொண்டர்கள் இலவசமாகப் பதிந்து தருகிறார்கள். 1971இலிருந்து நடக்கும் திட்டம் அது. மார்ச், ஏப்ரலில் சமூக நிலையங்களில் விசாரியுங்கள். அந்த 200 ஹைட்ரோவுக்கு ஆகட்டும்.

சனத்துக்குப் பயந்தவர், மார்க்கம்: உதவி எடுப்பது தெரிந்தால் சனம் என்ன சொல்லும்?

யார் போய்ச் சொல்லப்போகிறார்கள்? பில்லில் ஒரு வரி கழியும், அவ்வளவுதான். கோவிலில் பெயர் வாசிக்கமாட்டார்கள். அதோடு, உங்கள் தெருவின் ஆகப்பெரிய வீட்டுக்காரருடைய ஹைட்ரோ பில்லை வாங்கிப் பாருங்கள். ஒன்ராறியோ மின்கட்டணத் தள்ளுபடி என்று ஒரு வரி அவருக்கும் கழிந்திருக்கும். அவர் விண்ணப்பிக்கவும் இல்லை, வெட்கப்படவும் இல்லை.

ஆங்கிலம் மட்டுமட்டு, ஸ்காபரோ: இத்தனை திட்டம், இத்தனை கந்தோர். எங்கே தொடங்குவது?

211. வெறும் மூன்று இலக்கம், இலவசம், இரவு பகல் எந்நேரமும். கனடாவில் இந்தச் சேவை முதலில் தொடங்கியதே ரொறன்ரோவில்தான், 2002இல். நீங்கள் இருக்கும் இடத்தையும் பிரச்சினையையும் சொன்னால், எந்த அலுவலகம், எந்த இலக்கம் என்று பார்த்துச் சொல்வார்கள். வருமான வரம்புகளும் தொகைகளும் மாறிக்கொண்டே இருப்பதால், இந்தப் பக்கத்தை வெட்டி வைத்திருப்பவர்களும் விண்ணப்பிக்கும் முன் அங்கே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். லீஸ், கடைசி பில், வரி மதிப்பீட்டுத் தாள், மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். எடுத்தவுடன் 'தமிழ்' என்று மட்டும் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளரைத் தேடும்வரை லைனில் நிற்கச் சொல்வார்கள். வைத்துவிடாதீர்கள்.